என் அண்ணன் அழுத காட்சி

சினிமா பார்த்து அழுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. முன்பெல்லாம் அப்படி இல்லை. நானும் முந்தானையில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள்தான். இப்போது பக்கத்து சீட்டில் யாராவது விசும்பினால், "வூட்டுல யாரத் தொரத்தி விட்டுட்டு இங்க வந்து அழுவுறீங்க?" என்று கேட்டுவிடலாமா என்று வாய் துறுதுறுக்கிறது. நான் இப்படி ஆனதற்கு ஒரு படமும், அதில் மூன்றே நொடி வந்துபோன என் அண்ணனும்தான் காரணம்.

எங்கள் ஊர் குன்னத்துப் பக்கம். மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்; பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர். நான் பத்தாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணன்தான் அதற்கப்புறம் எனக்கு எல்லாம். பெரம்பலூர்க் கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவான். ஏற்றிவிட்டதோடு போகமாட்டான். நான் உட்கார இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல இருப்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது.

ஒரு கோடையில் எங்கள் போர் மோட்டார் புகைந்துவிட்டது. பெரம்பலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையிலிருந்து ஒருவரை அண்ணன் வீட்டுக்கே கூட்டிவந்தான். வந்தவருக்கு ஊர் திருமானூர். அவர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் எங்கள் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான் கதை. "மாப்ள பாத்து வூட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே உங்கண்ணன்தான்" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் பண்ணுவார். அவர் வேற ஆளுங்க. எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தை போதும். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கேட்டால் நடக்காது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேராக மகளிர் ஸ்டேஷனில் போய் நின்றோம். அண்ணனை வரச்சொன்னார்கள். வந்தான். அடிக்கவில்லை, கத்தவில்லை. "எனக்கும் இவளுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து மேசைமேல் விரித்தான்.

"போட்டிருக்கறது எல்லாம் எங்க வூட்டு நகைங்க மேடம். கழட்டச் சொல்லுங்க."

என்னிடம் சொல்லவில்லை, எஸ்.ஐ. அம்மாவிடம் சொன்னான். செயினைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன். கம்மலில் திருகு இறுகிப்போய் வரவில்லை. "அது இருக்கட்டுமேப்பா" என்றார் அந்த அம்மா. "இல்லைங்க மேடம்" என்றான். கடைசியில் அந்த அம்மாதான் எழுந்துவந்து திருகைத் திருகிக் கழற்றினார். மூளிக் காதோடு நான் ஸ்டேஷன் படியிறங்கிப் போவதை என் அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் முறைப்படி நடந்ததா என்று பார்க்கிற பார்வை அது.

அன்றைக்கே மனசுக்குள் ஒரு வீம்பு புகுந்துவிட்டது. என் காதிலிருந்து எவன் கழற்ற வைத்தானோ அவன்தான் என் பிள்ளை காதில் போட வேண்டும். அவன் மடியில் வைத்துத்தான் காது குத்துவேன். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த மாட்டார்கள். குத்தினால் பிள்ளைக்கு மாமன் வீடே இல்லை என்று அர்த்தம். சண்டை போட்டுப் பிரிந்த எத்தனையோ குடும்பங்கள் காதுகுத்தில்தான் சேரும். அதை நம்பித்தான் இருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அரியலூரில் குடியிருக்கிறோம். எனக்கு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை, அவர் சொந்தமாகக் காயில் கட்டுகிற கடை போட்டிருக்கிறார். மகள் பிறந்தாள். காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான் என்பார்கள். ஒரு வயதில் அண்ணன் வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. மூன்று வயதில் பார்த்தேன். அம்மா மட்டும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருஷத்துக்கு இரண்டு தரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரும். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தடவிப் பார்க்கும்.

"அவசரப்பட்டு குத்திப்புடாதடி. உங்கண்ணன் மனசு மாறிட்டு வருது. போன வாரம் உன் காலேஜ் போட்டோவ பீரோவுலேந்து எடுத்து வெச்சுப் பாத்துட்டு இருந்தான்."

ஒவ்வொரு தரமும் இப்படி ஏதாவது ஒன்று கொண்டுவரும். ஐந்து வயதும் போனது. ஏழு நடந்துகொண்டிருந்தது. ஏழைத் தாண்டினால் ஒன்பதுதான்.

காது குத்தாத பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். "நீ பையனா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆண்டு விழா நடனத்துக்கு ஒட்டுக் கம்மல் வாங்கி ஒட்டிவிட்டேன். வியர்வையில் பாட்டு நடுவே ஒன்று கழன்று விழுந்தது. பிள்ளை ஆடுவதை விட்டுவிட்டு மேடையில் குனிந்து தேடினாள். கீழே அத்தனை பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா குத்தல?" என்று ஒரே அழுகை. "மாமா வரணும் பாப்பா" என்றேன். "எந்த மாமா?" என்றாள். போட்டோ காட்டினேன். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். "அப்பன் மடி என்ன முள்ளா? நான் வெச்சுக்கறேன், குத்துவோம்" என்று மட்டும் சொல்வார். நான்தான் சண்டைக்குப் போவேன்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஊரில் எட்டு நாள் சூட்டிங் எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா ஒரு நாள் காலையில், அண்ணன் காட்டுக்குப் போன நேரம் பார்த்து, போன் போட்டது. மூச்சு வாங்கியது அதற்கு.

"உங்கண்ணன் சினிமால வர்றான்டி! நம்ம ஊரு ஆளுங்க எல்லாரையும் கூட்டத்துல நிக்க வெச்சாங்கல்ல, அந்தப் படம். பெரம்பலூருல ஓடுதாம். கதையே உன் கதைதான்டி. ஆசப்பட்டவனக் கட்டிட்டுப் போன தங்கச்சி, கோவிச்சுக்கிட்ட அண்ணன். கடைசில அண்ணன் காதுகுத்துக்குச் சீரு எடுத்துட்டு வருவான். சீரு கூட்டத்துல இவனும் தட்டு தூக்கிட்டு வர்றான். அழுவுறான்டி. சூட்டிங் அப்பவே நான் கண்ணால பாத்தேன். நடிப்பு இல்லடி அது. நீ போய்ப் பாரு. பாத்துட்டு அவனுக்கு ஒரு போனப் போடு. இந்தத் தடவ வந்துருவான்."

சினிமாவில் அழுதவன் நேரிலும் வருவான் என்று என் அம்மா நம்பியது. படிக்காத மனுஷி, அதை விடுங்கள். டிகிரி வாங்கிய நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு மூன்று பேரும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது படம் போட்டிருந்தார்கள்.

முதல் பாதி முழுக்கக் காதல். கதாநாயகி பருத்திக் காட்டுக்குள் வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு பாட்டுக்கு ஓடினாள். வெடித்த பருத்திக்காயின் காய்ந்த ஓடு காலைக் கிழித்துவிடும் என்று அந்தப் பெண்ணிடம் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தனாவது சொன்னானோ இல்லையோ. ஸ்டேஷன் காட்சி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கம்மல் முதல் கொலுசு வரை எல்லாம் பத்திரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "பரவால்ல, நல்ல அண்ணன் போலருக்கு" என்றார். ஒரு கிள்ளு வைத்தேன்.

கடைசிக் காட்சி. கோயில் வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு தங்கச்சி வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் மேளச் சத்தம். மேடேறிச் சீர் வரிசை வருகிறது. முன்னால் அண்ணனாக நடித்தவர். அவருக்குப் பின்னால் தட்டுத் தட்டாக எங்கள் ஊர் ஜனம். எங்கள் பெரியப்பா மகன், பால் சொசைட்டிக்காரர், ஸ்டேஷனுக்கு அண்ணனோடு ஜீப்பில் வந்து என்னைப் பார்த்துக் காறித் துப்பிய பங்காளி, எல்லாரும் பழமும் பட்டும் சுமந்துகொண்டு, அந்த நடிகையைப் பார்த்துச் சிரித்தபடி வருகிறார்கள். அவள் எழுந்து ஓடுகிறாள். அப்போது கேமரா ஒருவன் முகத்துக்கு வந்து நின்றது.

என் அண்ணன்.

முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. பச்சைத் துண்டு. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் கண்ணீரைத் துடைக்க முடியவில்லை. அது பாட்டுக்கு வழிந்து மீசைக்குள் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டான். அப்பா செத்த அன்றைக்கு அவன் அப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அதான் உன் மாமா" என்று மகளை உலுக்கினேன்.

"எங்க? அந்தப் பச்சத் துண்டா? ஏம்மா அழுவுறாரு?"

"தங்கச்சியப் பாத்துட்டாரு. அதான்."

நான் அழுத அழுகை முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. நானாகப் போய்ப் பேசக்கூடாது என்றிருந்த ஒன்பது வருஷத்து வைராக்கியமும் அந்த மூன்று நொடியில் கரைந்துவிட்டது. தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இந்தத் தை மாசத்திலேயே காதுகுத்து, அண்ணன் வருவான் என்று. அவர் மகளுக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன். நம்பர் மனப்பாடம். நாலு ரிங் போனது.

"யாரு?"

"நான்தாண்ணா."

வைத்துவிடுவானோ என்று பயந்து, "படம் பாத்தேண்ணா" என்றேன்.

"பாத்தியா?" குரலே மாறிவிட்டது. "எப்டி வந்திருக்கேன்?"

"நல்லா வந்திருக்கண்ணா. நான் அழுதுட்டேன்."

"அதான் எல்லாரும் சொல்றாங்க. வேப்பூர்லேந்துகூடப் போன் போட்டாங்க. மத்தவனுங்க எவனுக்கும் அழுவ வரல தெரியுமா. கிளிசரினு போட்டும் பல்லக் காட்டிட்டு நின்னானுங்க. எனக்குப் போடவே இல்ல. டைரக்டர் சாரு கிட்ட வந்து, 'உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா, அவங்கள நெனச்சுக்குங்க'ன்னாரு. நெனச்சேன். தானா வந்துருச்சு. ஒரே டேக்கு. அவ்ளோ பேரும் கை தட்டுனாங்க."

என்னை நினைத்துத்தான் அழுதிருக்கிறான்.

"அண்ணா, பாப்பாவுக்கு இன்னும் காது குத்தலண்ணா. உனக்காகத்தான் வெச்சிருக்கேன். தையில வெச்சுக்கலாம்னு இருக்கோம். நீ ஒண்ணும் கொண்டாரவேணாம். சும்மா வந்து மடியில வெச்சுக்க, போதும்."

"அதெல்லாம் வேணாம்."

"ஏண்ணா?"

"அது வேற, இது வேற. எனக்கும் பொண்ணு இருக்கு. நாளைக்கு நாலு பேரு வந்து கேப்பாங்கல்ல."

"எந்த நாலு பேருண்ணா? அந்த நாலு பேருந்தான உன்கூடத் தட்டு தூக்கிட்டு வந்தாங்க!"

"அது சினிமா" என்றான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னான். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அப்புறம், "பாப்பா பாத்துச்சா படத்த?" என்றான்.

"பாத்தா. உன் மாமான்னு காட்டினேன்."

"ம். நல்லாப் படிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல. அவன் என்னை மறந்துவிட்டான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறான். யாரோ ஒரு டைரக்டர் கேட்டதும் உடனே எடுத்து நீட்டும் அளவுக்குக் கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறான். யாரோ பெற்ற பிள்ளைக்குச் சீர் தூக்கிக்கொண்டு, என் பெயரைச் சொல்லி அழுது, கைதட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறான். பாவி. அவன் அழவே இல்லையென்றால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார், "என்ன சொன்னாரு?"

"நல்லா வந்திருக்கானான்னு கேட்டான்."

அவர் கையில் பிடித்திருந்த டீயைக் கீழே வைத்தார். "சனிக்கிழம கடைக்கு லீவு" என்றார்.

தை மாசமும் இல்லை, பந்தலும் இல்லை. சனிக்கிழமை காலையில் கடைவீதி ஆசாரியிடம் மூன்று பேரும் போனோம். வயதானவர். ஊசியைத் துடைத்துக்கொண்டே, "மாமன் யாரும்மா? முன்னாடி வரச்சொல்லு" என்றார்.

"மாமன் வரலீங்க."

"ஏன், தவறிட்டாரா?"

"இல்லீங்க. சினிமால நடிக்கிறாரு."

எரிச்சலில் சொன்னேன். ஆசாரி அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டார். "அடேங்கப்பா! எந்தப் படம்?" என்று மகளைப் பார்த்தார். அவள் படத்தின் பெயரைச் சொன்னாள். "அவருக்கு எங்க நேரம் இருக்கப்போவுது" என்று சொல்லிக்கொண்டே அப்பா மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார். ஏழு வயதுப் பிள்ளை, வலி தெரியும். ஆனாலும் அழவில்லை. கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான்தான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "குத்திட்டியா" என்று மட்டும் கேட்டது. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது. சொல்வதற்கு அதனிடமும் ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது.

காது ஆறி ஒரு மாசம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியபோது மகளின் வகுப்பு டீச்சர் என்னை நிறுத்தினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"உங்கண்ணன் சினிமா ஆர்ட்டிஸ்டாமே? பாப்பா கிளாஸ் பூரா சொல்லி வெச்சிருக்கா. காது குத்துக்கு மேளம் வெச்சு, ஊரையே கூட்டிட்டுத் தட்டுத் தட்டா சீரு கொண்டாந்தாராமே? இவளப் பாத்ததும் அப்படியே அழுதுட்டாராமே?"

மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. சுற்றிலும் அவள் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாங்க டீச்சர், வந்திருந்தாரு" என்றேன்.

"குடுத்து வெச்ச புள்ளங்க" என்றார் டீச்சர்.

"ஆமாங்க" என்றேன்.